கத்தி கண்டதே காட்சி: பட்டறைக் கத்திகளைப் படம் எடுத்தல் குறித்து ஓர் ஆராய்ச்சி

முருங்கைக்கீரையின் மருத்துவக் குணம் முதல் மொட்டைமாடி வடாம் வரை ஆராய்ந்து தள்ளிய தமிழுலகம், பட்டறையில் அடித்த கத்தியை எப்படிப் படம் எடுப்பது என்ற கேள்வியை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இதனால் விளைந்த கேடு சிறிதன்று. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தியில் லாரிப் பட்டையைக் காய்ச்சி, அடித்து, அரத்தால் ராவி, துவைச்சல் கொடுத்து, பிடி போட்டு முடித்த அரிவாள் வாட்ஸ்அப்பில் வந்து சேரும்போது, பார்க்கிறவர் "இது என்ன, கதவுத் தாழ்ப்பாளா?" என்று கேட்கிறார். அடித்தவருக்குக் கோபம் வருகிறது. அவர் கையில் சம்மட்டி இருக்கிறது என்பதையும் கருத்தில் கொண்டே இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்பட்டது.

இத்துறையைத் தொடங்கிவைக்க வரலாற்றில் ஒரே ஒரு மனிதருக்கு எல்லாப் பொருத்தமும் இருந்தது. அவர் மைக்கேல் ஃபாரடே. தகப்பனார் கொல்லர். 1819இல் இந்திய உருக்கைப் பகுத்தாய்ந்து கட்டுரை வெளியிட்டார். பிறகு 1839 ஜனவரி 25 அன்று லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் டால்பட் என்பவர் உருவாக்கிய ஒளிப்படங்களைச் சபைக்கு அறிமுகம் செய்துவைத்தவரும் அவரே. கொல்லர் மகன், இந்திய எஃகு, ஒளிப்படம் என்று மூன்றும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தன. அன்று மாலை அந்த மேசைமேல் யாராவது ஒரு கத்தியை வைத்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. அவரோ அதற்கு முன்பே மின்காந்தத்தின் பக்கம் போய்விட்டிருந்தார்.

எல்லை வகுப்பது ஆராய்ச்சிக்கு அழகு. இங்கே கத்தி என்பது கையால் அடித்தவற்றை மட்டும் குறிக்கும்: காய் நறுக்கும் கத்தி, கதிர் அரிவாள், தேங்காய் வெட்டும் அரிவாள், அரிவாள்மனை, கறிக்கடைக் கத்தி, பிறகு யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு கொல்லைப்புறத்தில் சிறு உலை போட்டு இளைஞர்கள் அடிக்கும் புதுப்பாணிச் சமையல் கத்தி. ஆலையில் முத்திரை குத்தி அட்டையில் ஒட்டி வருபவை விலக்கப்பட்டன. அவற்றுக்கு நிறுவனமே படம் எடுத்து அனுப்பிவிடுகிறது. சவரக் கத்தியும் விலக்கப்பட்டது. அதற்கு எதிரே எப்போதும் ஒரு நிலைக்கண்ணாடி இருப்பதால் ஆராய்ச்சி இரட்டிப்பாகிவிடும்.

இனி மையக் கொள்கை. கத்தியைப் படம் எடுக்க முடியாது. கத்தி எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதைத்தான் படம் எடுக்க முடியும்.

யூக்ளிட் காலத்திலிருந்தே தெரிந்த கணக்குதான். ஒளி எந்தக் கோணத்தில் வந்து விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பிப் போகும். மரம், துணி, சுவர் எல்லாம் தம்மேல் விழுந்த ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால் எங்கே நின்று பார்த்தாலும் அவற்றின் நிறம் தெரிகிறது. சாணை பிடித்து மெருகேற்றிய அலகு சிதறடிப்பதில்லை. கேமராவிலிருந்து கோணம் போட்டால் எதிர்ப்பக்கத்தில் எது இருக்கிறதோ அதுவே அலகின் நிறம். எதிரே இருட்டு என்றால் கத்தி கறுப்பு. பச்சை டிஸ்டெம்பர் சுவர் என்றால் கத்தி பச்சை. மைத்துனர் நின்றால் கத்தியில் மைத்துனர்.

இந்தக் கடைசி நிலைமை அடிக்கடி நேர்வதால் இதற்கு 'மைத்துனர் விளைவு' என்று பெயரிடுகிறோம். படம் எடுக்கும்போது யோசனை சொல்ல வருகிற எவரும் அலகுக்கு எதிர்க்கோணத்தில்தான் வந்து நிற்பார். ஏன் என்றால், அங்கே நின்றால்தான் கத்தி பளிச்சென்று தெரியும். பக்கவாட்டில் நிற்பவருக்குக் கத்தி சரியாகத் தெரிவதில்லை. அதனால் அவரிடம் யோசனையும் இருப்பதில்லை.

செல்போன் ஃபிளாஷைப் போடுவோர்க்கு இரண்டு முடிவுகளே வாய்க்கும். கத்தி சற்றே சாய்ந்திருந்தால் ஃபிளாஷ் வெளிச்சம் வேறெங்கோ போய், அலகு தார்போட்டதாகத் தெரியும். நேராக இருந்தால் நடுவில் ஒரு வெள்ளைக் குண்டு வெடித்திருக்கும். மூன்றாவது முடிவு கிடைத்ததாகச் சொல்கிறவர் துருப்பிடித்த கத்தியைப் படம் எடுத்தவர்.

பரிகாரம் எளிது. அலகு எந்தப் பக்கத்தைப் பார்க்கிறதோ அந்தப் பக்கத்தில் வெளுப்பாகவும் விரிவாகவும் ஒன்றை நிறுத்தி, அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்தால் அலகு முழுவதும் ஒரே சீராக வெளுக்கும். வெளிநாட்டார் இதற்காக சாஃப்ட்பாக்ஸ் வாங்குகிறார்கள். நம்மிடம் வேட்டி இருக்கிறது. சமையல் கத்திக்கு நாலு முழம் போதும்; வீச்சரிவாளுக்கு எட்டு முழம் நல்லது. கத்தியின் இடத்திலிருந்து பார்க்கும்போது வேட்டி எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அவ்வளவு மென்மையாக வெளிச்சம் விழும் என்பதால், படச்சட்டத்துக்குள் வந்துவிடாமல் எவ்வளவு பக்கத்தில் கட்ட முடியுமோ அவ்வளவு பக்கத்தில் கட்ட வேண்டும். பழைய வேட்டி உத்தமம். நூல் தேய்ந்த வேட்டி அளவுக்கு ஒளியைப் பக்குவமாகக் கடத்தும் பொருளை இக்கட்டுரையாளர் இன்னும் காணவில்லை. பட்டர் பேப்பர் அடுத்தபடி.

வேட்டியில் இரண்டு ஆபத்துகள் உள்ளன. ஒன்று கரை. அலகு கரையையும் பார்க்கும். கறுப்பு சிவப்புக் கரையென்றால் கத்தி அந்த நிமிடமே ஒரு கட்சியில் சேர்ந்துவிடும். நடுவில் வெள்ளைக் கோடும் இருந்தால் இன்னொரு கட்சியில். வாங்கப்போகிறவர் யார் பக்கம் என்று தெரியாத நிலையில் இது வியாபாரத்துக்கு உகந்ததன்று. கரையை மடித்துப் பின்னால் கட்டுக.

இரண்டாவது ஆபத்து சொட்டு நீலம். இதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனென்றால் கொல்லர் உலகில் நீலத்துக்கு வேறு அர்த்தம் உண்டு. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ முக்கித் துவைச்சல் கொடுத்த எஃகு மிகக் கடினமாகி, தட்டினால் தெறித்துவிடும் நிலையில் இருக்கும். அதை மறுபடி மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். அப்போது மேலே படரும் மெல்லிய ஆக்சைடு படலம் சூட்டுக்கேற்ப நிறம் மாறும்: 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் மஞ்சள், 250ஐத் தாண்டினால் பழுப்பு, 280ஐ ஒட்டி ஊதா, 300க்குப் பக்கத்தில் நீலம். ஸ்பிரிங்குக்கு நீலம் சரி. வெட்டும் வாயில் நீலம் பாய்ந்தால், சூடு மீறிப்போய் வாய் இளகிவிட்டது என்று விவரம் தெரிந்தவர் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். ஆக, ஆசாரி உலைமுன் கண்ணெரிய நின்று காப்பாற்றிய பதத்தை, வேட்டி அலசிய வாளியில் விழுந்த நாலு சொட்டு நீலம் படத்தில் காலி செய்துவிடும்.

இது ஊகமில்லை என்பதற்குக் களச்சான்று உண்டு. படத்தைப் பார்த்த ஆசாரியின் முகம் மாறியது.

"என்ன சார், வாயில நீலம் பாஞ்சிருக்கு? நான் அப்பிடி விட மாட்டேனே."

"கத்தில இல்லண்ணே. வேட்டியில நீலம் தூக்கலாப் போச்சு."

"கத்தியத் துவைச்சது நான். வேட்டியத் துவைச்சது யாரு சார்?"

இக்கேள்விக்கு விடை கூறுவது குடும்ப அமைதியைப் பாதிக்கும் என்பதால் ஆய்வு அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தது. இல்லாத நிறம் அலகில் ஏறிவிடும் என்பதால்தான் ஜன்னல் வெளிச்சத்தோடு ட்யூப்லைட்டையும் குண்டு பல்பையும் கலக்கக் கூடாது. ட்யூப்லைட் 6500 கெல்வின் நீலம், குண்டு பல்பு 2700 கெல்வின் மஞ்சள். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் இரண்டில் ஒன்றைத்தான் வெள்ளை என்று ஒப்புக்கொள்ளும். மற்றது அலகின் மறுபாதியில் போய், அடுப்பில் வாட்டிய கத்தி என்ற பழியைக் கொண்டுவரும். எடுக்கும்போது ஒரே வகை வெளிச்சம். மற்ற சுவிட்சுகளை அணைத்துவிடுக. அப்படியே மைத்துனரையும் அடுத்த அறைக்கு அனுப்புக.

இங்கே ஒரு தடை எழலாம். "வேட்டி எதற்கு? வடக்கு ஜன்னல் ஓரம் வைத்தால் போதாதா? மேல்நாட்டு நூல்கள் அதைத்தானே போற்றுகின்றன?" என்பர். விடை: அந்நூல்கள் கடகரேகைக்கு வெகு வடக்கே எழுதப்பட்டவை. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுக்கத் தெற்கே சாய்ந்தே இருக்கும். வடக்கு ஜன்னலில் மென்மையான வான வெளிச்சம் மட்டும் விழும். மதுரை வட்டாரமோ வட அட்சம் 10 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஏப்ரல் நடுவில் சூரியன் தலைக்கு நேரே வந்து, வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்புகிறது. சித்திரை பிறந்தது முதல் ஆவணி வரை நமக்கு வடக்கு ஜன்னல்தான் வெயில் ஜன்னல். எனவே இங்கே கத்திக்கு ஜன்னல் பார்க்கப் பஞ்சாங்கமும் வேண்டும். வாஸ்து நிபுணர்கள் இவ்விஷயத்தில் மௌனம் சாதிப்பது வியப்புக்குரியது.

இரண்டாம் தடை ஃபில்டர்க்காரர்களுடையது. போலரைசர் மாட்டினால் பளபளப்பு போய்விடும் என்பது அவர்கள் கட்சி. தண்ணீர், கண்ணாடி, இலை ஆகியவற்றின் பளபளப்பு அதற்குக் கட்டுப்படும். உலோகத்தின் பளபளப்பு கட்டுப்படாது. பிடியில் அடித்த வார்னிஷின் மினுக்கம் குறையும். செலவழித்த காசுக்கு அவ்வளவுதான்.

வேட்டி எல்லா நோய்க்கும் மருந்தாகாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அலகின் வடிவமும் மெருகும் தெரிய அகன்ற வெளிச்சம் தேவை. அலகின் உள்ளே நடந்தது தெரிய அது உதவாது. ஜப்பானிய வாளில் வாயோரம் மட்டும் கடினப்படுத்தியதற்கு அடையாளமாக அலையலையாக ஒரு வெண்கோடு ஓடும், ஹாமோன் என்பார்கள். அதைக் காண விரும்புவோர் அறையை இருட்டாக்கி ஒற்றை விளக்கை வைத்துக்கொண்டு, வாளை அந்த விளக்கை நோக்கி நீட்டிச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் அது கண்ணுக்கு வரும். அகன்ற வெள்ளை வெளிச்சத்தில் வைத்தால் கோடு கரைந்து காணாமல் போய்விடும். இந்தத் தொல்லைக்கு ஜப்பானியர் கேமரா வருவதற்கு முன்பே ஒரு வழி கண்டிருந்தனர். வாளின்மேல் மெல்லிய தாளை வைத்து மைக்கட்டியால் தேய்த்து உருவத்தை எடுத்து, ஹாமோனைக் கையாலேயே வரைந்துவிடுவார்கள். ஓஷிகட்டா என்று பெயர். அதில் வெளிச்சக் கோளாறு இல்லை, எதிரே நிற்பவர் யாரும் தாளில் பதிவதில்லை. நம் பட்டறைகளுக்கும் இதைப் பரிந்துரைக்கலாம்; ஆனால் ஆசாரியிடம் தாளைக் கொடுத்தால் பாக்கிக் கணக்கு எழுதிவிடுகிறார்.

இருவகை எஃகை மடித்து மடித்து அடித்த டமாஸ்கஸ் கத்திக்கும் இதே சங்கடம்தான், ஆனால் கொஞ்சம் குறைவு. ஃபெரிக் குளோரைடில் ஊறவைத்தால் நிக்கல் கலந்த அடுக்கு பளிச்சென்று நிற்க, மற்றது கறுத்துவிடும். சர்க்யூட் போர்டு அரிப்பதற்குப் பயன்படுகிற அதே திரவம். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். கறுத்த அடுக்கு ஒளியைச் சிதறடிப்பதால் வேட்டி வெளிச்சத்திலும் கோலம் தெரியும்.

அடுத்தது பின்னணி இயல். கத்தி தன் நிறத்தை எதிரே இருப்பதிலிருந்து வாங்கிக்கொள்கிறது என்று கண்டோம். தன் குணத்தை அடியில் இருப்பதிலிருந்து வாங்கிக்கொள்கிறது என்பது இவ்வியலின் முடிபு.

மூத்ததும் செல்வாக்கு மிக்கதும் காவல்நிலையப் பாணி. ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, உயரவரிசையில் அடுக்கிய கத்திகள், ஓரத்தில் செல்போன்களும் ரொக்கமும், பின்னால் விறைப்பாக நிற்கும் காவலர்கள். ஒளியமைப்பு என்ற அளவில் இதைக் குறைசொல்ல இடமில்லை. வெளிச்சம் பரவலாக இருக்கிறது. கத்திகள் ஒன்றையொன்று மறைக்கவில்லை. அளவு காட்டச் செல்போன் இருக்கிறது. இதன் செல்வாக்கு எத்தகையது என்றால், கத்தி விற்பவர் எவராயினும் வெள்ளைத் துணியில் மூன்று கத்திகளை வரிசையாக வைத்த மறுகணம் பார்ப்பவர் மனசில் 'பறிமுதல்' என்ற தலைப்பு தானாக ஓடுகிறது. ஒன்று வைக்கலாம். இரண்டு வைக்கலாம். மூன்றாவது கத்தி எஃப்.ஐ.ஆர்.

இதன் கிளை, பிறந்தநாள் பாணி. நள்ளிரவு, நடுத்தெரு, பைக் சீட்டின்மேல் கேக், ஒருவர் கையில் பட்டாக்கத்தி, ஒளிமூலம் இன்னொரு பைக்கின் ஹெட்லைட். இப்பாணியின் கலைஞர்கள் தம் படைப்பை வெளியிட்ட சில நாளிலேயே மூத்த பாணியின் படத்திலும் இடம்பெற்றுவிடுகிறார்கள். ஒரே கத்தியை இரு பாணியிலும் ஒப்புநோக்க ஆய்வாளர்க்கு இது அரிய வாய்ப்பு.

சட்டமும் பின்னணியைப் பார்க்கிறது. ஆயுத விதிகளின்படி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் உரிமம் வேண்டும். வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை நீங்கலாக. ஆகவே நீள அரிவாளைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு உரித்த தேங்காயை வைப்பது அழகுக்காக மட்டும் என்று எண்ணற்க. இளநீர்க் குலையாக இருந்தால் இன்னும் நிம்மதி.

ஆயுதபூஜைப் பாணியில் அலகின்மேல் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றியிருக்கும். ஸ்டுடியோக்காரர்கள் பளபளப்பை அடக்க டல்லிங் ஸ்பிரே என்று ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். காய்ந்த சந்தனம் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஈரச் சந்தனத்தை ராத்திரி முழுக்க விட்டுவைத்தால் மறுநாள் கார்பன் எஃகில் துருப்பொட்டு விழும். தெய்வக் குற்றம் என்று பயப்பட வேண்டாம், தேங்காயெண்ணெய் தடவித் துடைத்தால் போதும்.

இன்ஸ்டாகிராமில் கோலோச்சுவது எலுமிச்சை–ரோஸ்மேரிப் பாணி. இருண்ட மரப்பலகை, சிதறிய கல்லுப்பு, பாதி நறுக்கிய எலுமிச்சை, ஒரு கொத்து ரோஸ்மேரி, நடுவே கத்தி. இக்கட்டுரையாளருக்கு இப்பாணியின்மேல் தீராத மனத்தாங்கல் உண்டு. உப்பும் எலுமிச்சையும் கார்பன் எஃகுக்கு எமன். கத்தியோடு ஒருநாள் பழகியவர்கூட இரண்டின் நடுவே அதைப் படுக்க வைக்க மாட்டார். போதாக்குறைக்கு, நம் ஊரில் கும்மிருட்டுப் பின்னணியில் அறுத்த எலுமிச்சையும் கத்தியும் வைத்துப் படம் போட்டால் சமையல் ஞாபகம் யாருக்கும் வராது. யாருக்கு வைத்தது என்றுதான் கேட்பார்கள்.

தினசரித்தாளை விரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கத்தியைவிடச் செய்தி தெளிவாகப் பதியும். ஒரு படத்தில் அருமையான வீட்டுக் கத்திக்கு நேர் கீழே கண்ணீர் அஞ்சலி விளம்பரம் முழுப் புகைப்படத்துடன் இருந்தது. முனை சரியாக அன்னாரின் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மெருகேற்றிய கிரானைட்டும் கூடாது, அது இரண்டாவது கண்ணாடி. கறுப்பு வெல்வெட் ஊரிலுள்ள தூசியையெல்லாம் அழைத்துவந்து காட்டும். கோரைப்பாய், தேய்ந்த சிமெண்டுத் தரை, அம்மியின் முதுகு, கறிக்கடைகளில் இருக்கிற மாதிரிப் புளியங்கட்டை ஆகிய நான்கும் ஒளியை அடக்கி வைப்பவை, வேட்டி வெளுப்பில் நிற்கும் அலகுக்கு நல்ல இருட்டு கொடுப்பவை. இவற்றுள் புளிக்கே முதலிடம்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கையில் எது இருக்கிறதோ அதுவே. அசையாமல் நிறுத்துக. செல்போன் என்றால் இரண்டடி பின்னால் போய் இரண்டு மடங்கு ஜூமில் எடுக்க. கிட்டே போனால் அருகிலுள்ள முனை வீங்கி, அரிவாள் துடுப்பாகிவிடும். பெரிய கேமரா என்றால் எஃப்8 முதல் எஃப்11க்குள், ஐஎஸ்ஓ 100. எடுப்பதற்குமுன் அலகைத் துடைத்துவிட்டு, பிடியை மட்டும் தொட்டு வைக்க வேண்டும். அலகில் கைரேகை இருப்பது படத்துக்கும் கெடுதல், காவல்நிலையப் பாணிக்குப் போய்ச் சேர்ந்தால் இன்னும் கெடுதல்.

இவ்வளவும் சரியாகச் செய்தபின் எஞ்சும் ஒரு சிக்கல் இத்துறையையே ஆட்டிப் பார்க்கிறது. கத்தியின் கூர்மை படத்தில் விழாது. கூர் என்பது இரண்டு சரிவுகள் வந்து சந்திக்கிற கோடு. நன்றாகத் தீட்டியிருந்தால் அந்தக் கோட்டுக்கு அகலம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஒளியைத் திருப்பி அனுப்ப அதனிடம் இடமே இல்லை. மழுங்கிய இடத்தில்தான் ஒரு மினுக்கு தெரியும். சாணை பிடிப்பவர் வாயை மேலாகத் திருப்பி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பது இதற்குத்தான். மினுக்கு எங்கே நிற்கிறதோ அங்கே இன்னும் வேலை பாக்கி. வாயை ஒட்டிய சரிவு மினுங்கலாம். வாய் மினுங்கக் கூடாது. சினிமாவில் வில்லன் கத்தியைத் திருப்பும்போது விளிம்பில் ஒரு நட்சத்திரம் பளிச்சிட்டு 'ட்ளிங்' என்று சத்தம் வருகிறதே, அந்தக் கத்தியை உடனே தீட்டக் கொடுக்க வேண்டும்.

ஆகவே கூர்மைக்குப் பக்கத்துச் சாட்சிகளைத் தேட வேண்டியதாகிறது. 1976இல் தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வில், தொங்கும் ஒரு அங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுத்து, மரச்சட்டத்தை வெட்டிச் சாய்த்து, அதன்பிறகும் அதே வாயால் கைமுடியை மழித்துக் காட்ட வேண்டும். மழித்த கையைப் படம் எடுத்துப் போட்டால் கத்தி வாங்க வருகிறவர்களைவிட மருத்துவ ஆலோசனை சொல்ல வருகிறவர்கள் அதிகம். காகிதத்தை வெட்டிக் காட்டுவது ஒரு சாராருக்கு உவப்பு. தக்காளியே சிறந்தது என்பது எம் துணிபு. பழுத்த தக்காளியை ஊடே வெளிச்சம் தெரியும் மெல்லிசு வில்லையாகச் சீவி, பலகையோரம் சாய்த்து, பின்னாலிருந்து வெளிச்சம் விடுக. வில்லை சிவந்து ஒளிர்ந்தால் எந்தச் சந்தேகக்காரரும் வாயடைப்பார். தக்காளிப் புளிப்பு அலகில் கறை பிடிக்கும் என்பதால் எடுத்த கையோடு கழுவித் துடைத்துவிட வேண்டும். மிச்சத் தக்காளி ரசத்துக்கு.

இவ்விதிகள் அனைத்தையும் கடைப்பிடித்து எடுத்த படம் வெளியிடப்பட்டது. கரை மடித்த பழைய வேட்டி, ஒரே ஜன்னல், புளியம்பலகை, ஒற்றைக் கத்தி, ஒளிரும் தக்காளி. நீலம் அறவே இல்லை. விசாரிப்புகள் வரத் தொடங்கின. விலை என்ன, எடை என்ன, கொரியரில் போடுவீர்களா என்று சிலர் கேட்டார்கள். மீதிப்பேர் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "சார், கத்திக்கு அடியில இருக்குற பலகை என்ன மரம்? கிடைக்குமா?"

ஆசாரியிடம் சொன்னபோது அவர் பலகையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"புளிதான் சார். என்ன சைசு வேணும்னு கேட்டுச் சொல்லுங்க."